கமஞ்செய்யும் உரிமை: ஒரு சொற்றொடரின் வர்க்கச் சார்பு

சட்டமொன்றின் பெயர் அதன் பிரிவுகளைக் காட்டிலும் வலிமையுடையதாகிவிடுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் நிலவும் ‘கமஞ்செய்யும் உரிமைச் சட்டங்கள்’ இவ்வகையின. அவற்றுட் பெரும்பாலானவை 1970களின் பிற்பகுதிக்கும் 1980களின் முற்பகுதிக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் இயற்றப்பட்டவை. கமக்காரனுக்குக் கமஞ்செய்யும் உரிமை வேண்டும் என்பதை மறுப்பார் யாரும் இலர். மறுக்கவொண்ணாத ஒன்றைத் தலைப்பாகக் கொள்ளும் சட்டம், அத்தலைப்பின் கீழ் என்ன கூறப்பட்டுள்ளது என்ற வினா எழாதவாறு தன்னைக் காத்துக்கொள்கின்றது. இச்சட்டங்களைச் சட்ட அறிஞரும் பொருளியலாளருமே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். எனினும் அவை பனுவல்களுமாகும். ஒரு பனுவலிற் பேசுவோர் யார், யார் பொருட்டுப் பேசுகின்றனர், யார் பேசவிடப்படவில்லை என வினவும் விமர்சன முறை கவிதைக்கும் நாவலுக்கும் மட்டுமே உரியதன்று.

இச்சட்டங்களின் முன்வரலாறு இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் உள்ளது. ஒருவன் தன் காணியைப் பயன்படுத்தும்போது அயலவனின் காணி நுகர்வுக்கு நியாயமற்ற இடையூறு விளைவிப்பின் அது ‘தொல்லை’ எனும் தீங்காகும். இக்கோட்பாட்டின் பழைய வழக்குகளுள் ஒன்று 1610இல் தீர்க்கப்பட்ட ஓல்ட்ரெட் என்பாரின் வழக்கு. நோபோக் பிரதேசத்தில் அவர் வீட்டருகே ஒருவர் பன்றிப்பட்டி அமைத்தார். நாற்றம் பொறுக்கமாட்டாது ஓல்ட்ரெட் வழக்குத் தொடுத்தார். மனிதரின் சீவியத்துக்குப் பன்றி தேவை, அதன் மணத்தைத் தாங்கமாட்டாத அளவுக்கு மென்மையான மூக்கு எவருக்கும் இருத்தலாகாது என எதிர்த்தரப்பில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தூய காற்று வீட்டு வாழ்வின் இன்றியமையாத கூறு என்பது அன்றே சட்டமாயிற்று. நானூறு ஆண்டுகளின் பின் அமெரிக்காவின் தென்கிழக்கிலும் பன்றியையும் மூக்கையும் பற்றிய வழக்குகளே நடைபெற்றன என்பதும், அங்கு சட்டமன்றம் பன்றியின் பக்கமே நின்றது என்பதும் பின்னர்க் காணப்படும்.

1972இல் அரிசோனா மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்த ஸ்பர் கைத்தொழில் நிறுவன வழக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட திருப்பம். பீனிக்ஸ் நகருக்கு மேற்கே கமத்தொழில் நடைபெற்றுவந்த நிலப்பரப்பில் மாடுகளைக் கொழுக்கவைக்கும் பட்டிகள் 1950களில் அமைந்தன. அதற்குப் பின்னரே டெல் வெப் என்னும் வீடமைப்பு நிறுவனம் ‘சன் சிட்டி’ என்ற முதியோர் குடியிருப்பைக் கட்டத் தொடங்கிற்று. வீடுகள் தெற்கே நகர்ந்தன. மாட்டுப்பட்டி வடக்கே பெருத்தது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் நாளொன்றுக்குப் பத்து இலட்சம் இறாத்தலுக்கும் அதிகமான சாணத்தை இட, ஈயும் நாற்றமும் குடியிருப்பை எட்டின. நீதிமன்றம் பட்டியை அகற்றுமாறு கட்டளையிட்டது. ஆனால் அகற்றுவதற்கான செலவை, தொல்லையைத் தேடிவந்த வீடமைப்பு நிறுவனமே செலுத்த வேண்டும் எனவும் தீர்த்தது. பின்வந்த சட்டங்கள் எவற்றிலும் காணக்கிடையாத நீதியுணர்வு இத்தீர்ப்பில் உண்டு. குடியிருப்பாளரின் உடல்நலம், முன்னரே இருந்தவனின் நட்டம், நிலவணிகன் அடைந்த இலாபம் ஆகிய மூன்றும் அதிற் கணக்கெடுக்கப்பட்டன.

இதன் முதற் பாதியைக் கண்டு அஞ்சியோர் இரண்டாம் பாதியைக் கவனித்தாரில்லை. நகரம் கமத்தை விழுங்குகின்றது என்ற அச்சம் 1970களில் எங்கும் பேசப்பட்டது. ஆண்டுதோறும் முப்பது இலட்சம் ஏக்கர் விளைநிலம் பிற பயன்பாடுகளுக்கு மாறுவதாக 1981இல் வெளிவந்த தேசிய விளைநில ஆய்வு அறிவித்தது. அக்கணக்கு மிகைப்பட்டதெனப் பொருளியலாளர் சிலர் பின்னர் வாதிட்டனர். எவ்வாறாயினும் சட்டங்கள் விரைந்து பிறந்தன. 1979இல் வட கரோலினா இயற்றிய சட்டம் பல மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. ஒரு கமம் தொடங்கியபோது தொல்லையாக இல்லாதிருந்து, ஓராண்டுக்கு மேல் நடைபெற்றிருப்பின், அயலில் ஏற்பட்ட மாற்றங்கள் காரணமாக அது பின்னர் தொல்லையாகக் கருதப்படமாட்டாது என்பது அதன் சாரம்.

இவ்வாசகம் கூர்ந்து படிக்கத்தக்கது. இதற்குள் ஒரு கதை ஒளிந்திருக்கின்றது. தலைமுறைகளாக மண்ணைக் கிண்டும் உழவன் ஒருவன். நாட்டுப்புற அழகை விரும்பி நகரத்திலிருந்து வந்து குடியேறி, எருவின் மணத்தைக் கண்டு முகஞ்சுளித்து, நீதிமன்றப் படியேறும் செல்வன் ஒருவன். நிலத்தை உழுவோரே குடியரசின் ஒழுக்கத்துக்கு ஆதாரமானோர் எனத் தொமஸ் ஜெபர்சன் காலந்தொட்டு அமெரிக்கர் வளர்த்துவந்த கருத்துநிலை இக்கதைக்கு உயிரூட்டுகின்றது. அடிமைகளைக் கொண்டு பெருந்தோட்டம் நடத்தியவரே அக்கருத்தின் தலையாய பிரசாரகர் என்பது ஒருபுறமிருக்க, கதையில் ‘மாறுவது’ எப்போதும் அயல், கமம் மாறுவதில்லை. அயல் அப்படியே இருக்க, கமம் பட்டியாகவும் பட்டி தொழிற்சாலையாகவும் மாறினால் என்ன செய்வது என்ற வினாவுக்கு அக்கதையில் இடமேயில்லை. மேலும், ‘கமம்’ என்றவுடன் வயலும் ஏரும் கண்முன் தோன்றுகின்றன. சட்டத்தின் பொருள்கோடற் பிரிவோ பல்லாயிரம் விலங்குகளை அடைத்து வளர்க்கும் கூடங்களையும் அச்சொல்லுக்குள் அடக்குகின்றது. தலைப்பிலுள்ள கமக்காரன் வேறு, பிரிவுகளின் பயனாளி வேறு.

இலங்கை வாசகருக்கு இது தெளிவாக வேண்டுமாயின் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தை நினைவுகூர்தல் போதும். பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்து கொணர்ந்த அச்சட்டமும் பயிர்செய்வோனின் உரிமையையே பேசிற்று. அங்கு உரிமை நிலவுடைமையாளனுக்கு எதிராக எழுந்தது. குத்தகைக் கமக்காரன் வயலிலிருந்து வெளியேற்றப்படாதிருத்தலே அதன் பொருள். உள்ளூர் நிருவாகத்தின் பொருட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கும் அது வழிசெய்தது. நடைமுறையில் அது எத்துணை குறைபாடுற்றது என்பது வேறு கதை. அமெரிக்கச் சட்டங்களில் உரிமை, உடைமை கொண்டோனிடமிருந்து அவன் அயலவனுக்கு எதிராகப் பாய்கின்றது; குத்தகையாளனைப் பற்றியோ கூலியாளைப் பற்றியோ அவை பேசுவதில்லை. உள்ளூர்ச் சபைகளின் அதிகாரத்தையும் காலப்போக்கில் அவை பறித்தன. ஒரே சொல் இருவேறு சமுதாயங்களில் எதிரெதிரான வர்க்கங்களுக்குத் தொண்டு செய்யக்கூடும் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் அரிது.

இச்சட்டங்களுக்கு எழுந்த மிகக் கடுமையான நீதிமன்ற எதிர்ப்பு அயோவாவிலிருந்து வந்தது. கொசுத் கவுண்டியின் மேற்பார்வையாளர் சபை 960 ஏக்கரைக் ‘கமத்தொழிற் பிரதேசம்’ எனப் பிரகடனஞ்செய்தபோது அங்குள்ள கமங்களுக்குத் தொல்லை வழக்குகளிலிருந்து விலக்குரிமை தானாகவே கிடைத்தது. அயற்காணியினர் வழக்குத் தொடுத்தனர். நாற்றத்தையும் இரைச்சலையும் பிறர் காணிக்குள் அனுப்பும் உரிமையை ஒருவருக்கு அளிப்பது, அக்காணியின் ஒரு பகுதியைப் பறித்து மற்றவருக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும்; இழப்பீடின்றி அவ்வாறு செய்தல் அரசியலமைப்புக்கு முரண் என மாநில அதியுயர் நீதிமன்றம் 1998இல் தீர்த்தது. போர்மன் வழக்கு எனப்படும் இதனை மீளாய்வு செய்ய ஐக்கிய அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பன்றிக் கூடமொன்று தொடர்பாக 2004இல் எழுந்த வழக்கிலும் இத்தர்க்கம் ஓரளவு நீண்டது. 2022இல் அதே அயோவா நீதிமன்றம் அந்த 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலைக் கைவிட்டது.

போர்மன் தீர்ப்பைப் புகழ்வோர் அதன் எல்லையையும் காணுதல் வேண்டும். மூச்சு முட்டுகின்றது என்பதனாலன்றி, சொத்து குறைகின்றது என்பதனாலேயே அங்கு சட்டம் விழித்துக்கொண்டது. சொந்தக் காணி இல்லாதவன், இறைச்சி வெட்டும் ஆலையில் வேலைசெய்து வாடகைக் குடிசையில் வாழ்பவன், இத்தகைய வாதத்தினால் எய்தக்கூடியது சொற்பமே. தனியுடைமைக் கோட்பாடு ஒரு பெருமுதலாளியைத் தடுத்து நிறுத்தியது உண்மை. அதே கோட்பாடு பிறிதொரு நாளில் அம்முதலாளியின் படைக்கலமாகவும் மாறலாம்.

நீதிமன்றம் ஒரு களம் எனின் உள்ளூராட்சி மற்றொன்று. கமத்தொழிலைக் கவுண்டிகளின் நிலப் பயன்பாட்டு விதிகளிலிருந்து அயோவா 1947இலேயே விலக்கியிருந்தது. 1990களில் பாரிய பன்றிக் கூடங்கள் பெருகியபோது ஹம்போல்ட் கவுண்டி நான்கு உள்ளூர் விதிகளை இயற்றி அவற்றைக் கட்டுப்படுத்த முயன்றது; மாநிலச் சட்டத்துக்கு முரணானவை என 1998இல் அவை நீக்கப்பட்டன. பின்னர் 2002இல் உருவான ஏற்பாடு விசித்திரமானது. புதிய கூடமொன்று அமைக்க விண்ணப்பிப்பவர் 44 வினாக்கள் கொண்ட புள்ளித்திட்டத்தில் 880 புள்ளிகளுக்கு 440 பெற்றால் போதும். கவுண்டி சபை புள்ளியிடலாம், பரிந்துரைக்கலாம்; தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலத் திணைக்களத்துக்கே உண்டு. பல்கலைக்கழகப் பரீட்சகர் எவரும் இத்திட்டத்தைக் கண்டால் அதன் தாராள மனப்பான்மையை வியக்காதிரார்.

பென்சில்வேனியா 2005இல் இன்னும் ஒருபடி மேற்சென்று, கமத்தொழிலைக் கட்டுப்படுத்தும் உள்ளூர் விதிகளுக்கு எதிராகச் சட்டமா அதிபரே வழக்குத் தொடுக்கலாம் என விதித்தது. மாநில விதிகளிலும் கடுமையான சுகாதார விதிகளைக் கவுண்டிகள் விலங்குக் கூடங்கள்மீது விதித்தலாகாது என மிசூரி 2019இல் சட்டமியற்றிற்று. மாநில அதியுயர் நீதிமன்றம் 2023இல் அதனை ஏற்றுக்கொண்டது.

உள்ளூராட்சி என்றவுடன் அதனைச் சனநாயகத்தின் தூய ஊற்றாகக் கொள்ளும் போக்கும் திறனாய்வுக்குரியதே. ஐரோப்பியக் குடியேற்றவாசிகளின் ஊர்க்கூட்டங்களைப் பற்றிய இலட்சியப் படிமம் ஒன்று அமெரிக்க அரசியற் சிந்தனையில் உண்டு. நடைமுறையில் நிலப் பயன்பாட்டு விதிகள் வசதிபடைத்தோரின் புறநகர்களை ஏழைகளிடமிருந்தும் கோழிகளிடமிருந்தும் காக்கும் வேலியாகவும் தொழிற்பட்டுள்ளன. மிச்சிகன் இதற்குச் சுவையான சான்று. அங்கு 1981இல் இயற்றப்பட்ட சட்டம் 1999இல் திருத்தப்பட்டு, ‘பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கமத்தொழில் நடைமுறைகளுக்கு’ அமைந்த கமங்களை உள்ளூர் விதிகள் கட்டுப்படுத்தா என ஆயிற்று. யாரால் ஏற்றுக்கொள்ளப்பட்டவை? மாநிலக் கமத்தொழில் ஆணைக்குழுவால். பெருங்கமங்களுக்கென வந்த இத்திருத்தத்தைச் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் முற்றத்தில் நாலைந்து கோழி வளர்த்துச் சந்தையில் முட்டை விற்றோரும் தமக்குத் துணையாகக் கொண்டனர். சில வழக்குகளில் வென்றும் விட்டனர். 2014இல் ஆணைக்குழு நடைமுறைகளைத் திருத்தி, குடியிருப்பு மிகுந்த இடங்களைக் கால்நடை வளர்ப்புக்கு ஒவ்வாதவை என வகைப்படுத்தியது. முற்றத்துக் கோழிகள் மீண்டும் உள்ளூர்ச் சபைகளின் தயவில் விடப்பட்டன. சட்டத்தின் பெயரை நம்பிய சிறியோர் அதன் கதவுக்கு வெளியே நின்றனர்.

லோகா அஷ்வூட்டும் அவருடன் இணைந்த ஆய்வாளரும் ஐம்பது மாநிலங்களின் வழக்குகளையும் தொகுத்து 2023இல் வெளியிட்ட நூல் இவ்வவதானத்தை உறுதிப்படுத்துகின்றது. தனிக் குடும்பக் கமங்களிலும் பார்க்கப் பாரிய விலங்குக் கூடங்களும் நிறுவனங்களுமே இச்சட்டங்களால் மிகுதியும் பயன்பெற்றன என்பது அவர்கள் கண்ட முடிபு.

சாதாரண சட்டங்கள் போதாவென அரசியலமைப்பிலேயே இவ்வுரிமையைப் பொறிக்கும் இயக்கம் அடுத்து எழுந்தது. வட டகோட்டா 2012இல் அவ்வாறு செய்தது. மிசூரியில் 2014 ஓகஸ்டில் நடைபெற்ற வாக்கெடுப்பில், ஏறத்தாழப் பத்து இலட்சம் வாக்குகளில் 2,500க்கும் குறைந்த வித்தியாசத்தில் அது நிறைவேறிற்று. ஒக்லகோமா வாக்காளரோ 2016இல் ஐந்துக்கு மூன்று என்ற அளவில் நிராகரித்தனர். பழைமைபேண் அரசியலில் ஊறிய ஒரு மாநிலம், கமத்தொழிலின் பெயரால் வந்த திருத்தத்தை மறுத்தமை கவனிக்கற்பாலது. தலைப்பின் மந்திரம் எங்கும் பலிப்பதில்லை. 2021இல் மேய்ன் மாநிலம் இச்சொற்றொடரையே திருப்பிப்போட்டு, தனக்கு வேண்டிய உணவைத் தானே பயிரிடவும் வளர்க்கவும் அறுவடை செய்யவும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையாக அதனைத் தன் அரசியலமைப்பில் எழுதிற்று. அதற்குப் பத்தாண்டு முன்னர், 2011இல், செட்ஜ்விக் எனும் சிற்றூர் தன் எல்லைக்குள் நேரடியாக விற்கப்படும் உணவுக்கு மாநில உரிமப்பத்திரம் வேண்டியதில்லை எனத் தீர்மானித்திருந்தது. உள்ளூர் அதிகாரம் சிறு உற்பத்தியாளனின் கையில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு அது ஒரு மாதிரி.

இனி வட கரோலினா. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப்பொருளும் வெளிப்பட்டது அதன் பிறப்பிடத்திலேயே. 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 25 இலட்சமாக இருந்த பன்றிகளின் தொகை 1990களின் இறுதியில் ஒரு கோடியை எட்டிற்று. பன்றி வளர்க்கும் கமங்களின் எண்ணிக்கையோ பன்மடங்கு குறைந்தது. ஒப்பந்த முறையே இதனைச் சாத்தியமாக்கியது. பன்றியும் தீவனமும் நிறுவனத்தின் உடைமை. கூடமும் அதனைக் கட்டிய கடனும் கழிவும் ஒப்பந்தக் கமக்காரனின் உடைமை. பெறுமதியுள்ளது ஒருவனுக்கும் நாறுவது மற்றவனுக்கும் எனப் பங்கிடப்பட்ட இவ்வுறவைக் குடும்பக் கமம் என அழைப்பது, தோட்டத் தொழிலாளியைத் தேயிலைச் செய்கையாளர் என அழைப்பதற்கு ஒப்பானது. 1991இல் மாநிலச் சட்டமன்றம் பன்றிக் கமங்களைக் கவுண்டிகளின் நிலப் பயன்பாட்டு விதிகளிலிருந்து விலக்கிற்று.

கழிவு திறந்த குழிகளிற் தேக்கப்பட்டு, பின் வயல்கள்மீது விசிறப்படுகின்றது. அக்குழிகளுக்கு அங்கு வழங்கும் பெயர் ‘லகூன்’. மட்டக்களப்பையோ யாழ்ப்பாணத்தையோ சேர்ந்த வாசகருக்கு அச்சொல் களப்பைக் குறிக்கும். அலையடங்கிய நீரும் மீனும் நிலவொளியும் நினைவுக்கு வரும். மலமும் சலமும் நிறைந்த குழிக்கு அப்பெயரிட்டோரின் சொல்வன்மை, கமஞ்செய்யும் உரிமை எனப் பெயரிட்டோரின் சொல்வன்மைக்குக் குறைந்ததன்று. 1995 யூனில் ஒன்ஸ்லோ கவுண்டியிலுள்ள அத்தகைய குழியொன்று உடைந்து இரண்டரைக் கோடி கலன் கழிவு ஆற்றிற் கலந்தது. இத்தொழிலின் அரசியற் செல்வாக்கை அவ்வாண்டு அம்பலப்படுத்திய ‘நியூஸ் அன்ட் ஒப்சேவர்’ நாளிதழ் 1996இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1997இல் புதிய குழிகளுக்கு இடைக்காலத் தடை வந்தது, பழையவை நீடித்தன.

டூப்ளின், சாம்சன் கவுண்டிகளில் இக்கூடங்களின் அயலில் வாழ்வோருட் கறுப்பினத்தவர் மிகப் பலர். அடிமைத்தளை நீங்கிய மூதாதையர் வாங்கிய காணியிலேயே வாழும் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. ஏறத்தாழ ஐந்நூறு பேர் சிமித்பீல்ட் நிறுவனத்தின் பன்றி உற்பத்திக் கிளைக்கு எதிராகத் தொல்லை வழக்குகளைத் தொடுத்தனர். 2013 முதல் அந்நிறுவனம் சீன முதலாளிகளின் உடைமை. சட்டமியற்றுவோர் கற்பித்த கதையில் நகரத்திலிருந்து வந்தவன் வழக்காளி. இங்கோ பன்றிகளே வந்தேறிகள். வழக்காளிகள் கமங்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர் ஆதலின் கமஞ்செய்யும் உரிமைச் சட்டம் இவ்வழக்குகளைத் தடைசெய்யாது என 2017 நவம்பரில் மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. 2018 ஏப்பிரிலில் முதலாவது யூரர் குழு பத்து வழக்காளிகளுக்கு ஐந்து கோடி டொலருக்கு மேல் நட்டஈடு வழங்கிற்று. தண்டனை நட்டஈட்டுக்கு மாநிலம் விதித்திருந்த உச்சவரம்பினால் அது 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலராகச் சுருங்கியது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்தது. தண்டனை நட்டஈட்டின் தொகையை மட்டும் மறுவிசாரணைக்கு அனுப்பியது. பழைமைபேண் நீதியரசராக அறியப்பட்ட வில்கின்சன் உடன்பட்டு எழுதிய தனித் தீர்ப்பு, செல்வந்தர் வாழும் அயலில் இத்தகைய நிலைமை நெடுநாள் பொறுக்கப்பட்டிராது என்ற கருத்தை ஒளிவுமறைவின்றி முன்வைத்தது. அதன்பின் நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது.

வழக்குகளின் முழுக் காலமும் நிறுவனத்தின் சார்பில் ஒலித்த முழக்கம் குடும்பக் கமக்காரரைக் காப்போம் என்பதே. எதிராளியாகப் பெயரிடப்பட்டது நிறுவனமேயன்றி ஒப்பந்தக் கமக்காரர் எவருமல்லர். ஆயினும் முழக்கம் பலித்தது. 2013இலேயே மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, உடைமையாளர் மாறினாலும் கமத்தின் அளவு மாறினாலும் விளைபொருள் மாறினாலும் அது ‘அடிப்படை மாற்றம்’ ஆகாது என வரையறுத்திருந்தது. அயல் மாறுவதைக் குற்றமாகக் கண்ட சட்டம், கமம் மாறுவதை மாற்றமே அன்று என இலக்கணம் வகுத்துக்கொண்டது. 2017இல் நட்டஈடு குறுக்கப்பட்டது. முதலாவது தீர்ப்பு வந்து இரு மாதங்கள் கழிந்த 2018 யூனில், ஆளுநரின் மறுப்பாணையையும் மீறி மற்றொரு திருத்தம் நிறைவேறிற்று. அரை மைல் தூரத்துக்குள் உள்ள காணியின் சட்டபூர்வ உடைமையாளர் மட்டுமே வழக்குத் தொடுக்கலாம். அதுவும் கமம் தொடங்கிய, அல்லது அடிப்படை மாற்றமுற்ற, ஓராண்டுக்குள்ளேயே தொடுக்க வேண்டும். 2021இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் இத்திருத்தங்கள் செல்லுபடியாகும் என்றது. டூப்ளினில் மனிதர் ஒருவருக்கு முப்பதுக்கு மேற்பட்ட பன்றிகள் வளர்கின்றன. அங்குள்ள குழிகளிற் பெரும்பாலானவை 1997ஆம் ஆண்டுத் தடைக்கு முன் தோண்டப்பட்டவை. அவற்றின் அயலவருக்குச் சட்டம் வழங்கிய ஓராண்டு, அச்சட்டம் எழுதப்படுவதற்கு இருபது ஆண்டுகளின் முன்னரே கழிந்துவிட்டது.